விருதுக்குப் பரிந்துரை, இதழுக்குக் கட்டுரை: பொறியியலாளர்களை அழைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இயங்கும் தமிழ்ப் பொறியியலாளர் சங்கம், முன்னாள் மாணவர் மன்றம், ஆலயக் கல்விக் குழு போன்ற அமைப்புகளில் விருது விழாவுக்கும் ஆண்டிதழுக்கும் புதிதாகப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்காக இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. பினாங்கில் இப்பணியைச் செய்தும், பின்னர் புதியவர்கள் செய்வதை அருகிலிருந்து கவனித்தும் அறிந்தவற்றை, வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே தந்திருக்கிறேன்.

அந்த வரிசையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே அழைப்புக் கடிதம் எழுத உட்காருகிறார்கள். ஆனால் கடிதம் எட்டாவது படியில்தான் வருகிறது. முந்தைய ஏழும் முடியாமல் அது போனால் பதில் வராது. பதில் வராதபோது, நம்மவர்களுக்கு அக்கறை இல்லை என்று கூட்டத்தில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் அந்தப் பொறியியலாளர் கடிதத்தைப் படித்திருப்பார். தாம் என்ன செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது விளங்காததால், வார இறுதியில் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்திருப்பார்.

தொடங்குவதற்கு முன் சில கைவசம் இருக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். செயலாளரின் சொந்த முகவரியைப் பயன்படுத்தினால், அவர் பதவி விலகும்போது கடிதத் தொடர்பு முழுவதும் அவரோடு போய்விடும். கேள்வி கேட்பவர்களுக்குச் செயற்குழுவைக் கூட்டாமலேயே பதில் சொல்லும் அதிகாரம் பெற்ற ஒருவர் வேண்டும். தமிழ் நடையைச் செப்பனிடத் தெரிந்த ஒருவரும், பொறியியல் விவரங்களைச் சரிபார்க்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். இவ்விரு திறனும் ஒரே ஆளிடம் அமைவது அரிது; அப்படி ஒருவர் இருந்தாலும் வேலையை இருவருக்குப் பிரித்துக் கொடுப்பதே நல்லது.

1. விருதின் எல்லையைத் தீர்மானமாக எழுதிவையுங்கள்

"சிறந்த பொறியியலாளர்" என்னும் பெயரை வைத்துக்கொண்டு எவரும் பரிந்துரை செய்ய முடியாது. யார் தகுதி பெறுவார், எந்தக் காலத்துப் பணி கணக்கில் வரும், தனிநபருக்கா குழுவுக்கா, தம்மைத் தாமே பரிந்துரைக்கலாமா என்பவற்றைச் செயற்குழுவின் தீர்மானமாகக் குறிப்பேட்டில் பதிவு செய்யுங்கள். பரிந்துரைகள் வந்த பின்னர் விதியை எழுதினால், அது யாரோ ஒருவருக்காக எழுதப்பட்டதாகவே பார்க்கப்படும்.

பதிவுத் தகுதியைப் பற்றித் தனியே சிந்திக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் மலேசியப் பொறியியலாளர் வாரியம் பட்டதாரிப் பொறியியலாளர்களையும் தொழில்முறைப் பொறியியலாளர்களையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. பெயருக்கு முன் வரும் "ஐஆர்" என்னும் அடைமொழி தொழில்முறைப் பொறியியலாளருக்கு உரியது. கோலாலம்பூரின் கட்டுமான ஆலோசனை நிறுவனங்களில் இத்தகுதி இல்லாமல் மேலே செல்வது கடினம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளிலோ, சோதனைப் பிரிவிலும் உற்பத்திச் செயல்முறைப் பிரிவிலும் இருப்பவர்களில் பலர் அத்தகுதிக்குப் போகாமலேயே நீண்ட காலம் பணியாற்றுகிறார்கள். எனவே "ஐஆர்" கட்டாயம் என்று எழுதிய மாத்திரத்தில் பினாங்கின் மின்னணுத் துறையில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். மூத்தோருக்கான விருதுக்கு அது பொருந்தலாம். இளம் பொறியியலாளர் விருதுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

தம்மைத் தாமே பரிந்துரைப்பதை அனுமதியுங்கள். நம் அழைப்பு தமிழ் அறிந்தவர்களிடையே மட்டும் சுற்றுகிறது. ஒருவருடைய பணியை நன்கு அறிந்த மேலதிகாரியோ பெரும்பாலும் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருப்பார். தமிழரான மூத்தவர் எவரும் இல்லாத பிரிவில் பணியாற்றும் இளம் பெண் பொறியியலாளரின் பெயரைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

2. அழைப்புக்கு முன்னரே நடுவர்களை அமர்த்துங்கள்

விண்ணப்பங்கள் குவிந்த பின்னர் நடுவர்களைத் தேடுவது வழக்கமாக இருக்கிறது. அதை மாற்ற இரண்டு காரணங்கள் உள்ளன. மதிப்பீட்டு அளவுகோலை நடுவர்களே ஒப்புக்கொண்டால்தான் படிவத்தில் சரியான கேள்விகளைக் கேட்க முடியும். மேலும், நடுவராக இருக்க மறுப்பவர்கள் பெரும்பாலும் நல்ல பரிந்துரையாளர்களாக மாறுவார்கள். மறுக்கும்போதே யாரைக் கவனிக்கலாம் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பெயரை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நிறுவனத்தில் பணியாற்றுபவர், உறவினர், தொழில் கூட்டாளி ஆகியோர் பரிந்துரைக்கப்பட்டால் அந்நடுவர் அப்பிரிவிலிருந்து விலகுவார் என்பதை எழுத்தில் பெறுங்கள். நடப்புச் செயற்குழுவினர் விருதுக்குத் தகுதியற்றவர்கள் என்பதையும் வெளிப்படையாக அறிவியுங்கள். பணம் தரும் நிறுவனத்தின் ஆள் நடுவர் குழுவில் இருக்கக் கூடாது.

பரிசு கேடயமா, ரொக்கமா, ரொக்கமெனில் எவ்வளவு, அதைத் தருபவர் யார் என்பவற்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் முதல் நடப்புக்கு வந்துள்ளது. ஊழியர் தரும் கையூட்டுக்கு நிறுவனமும் பொறுப்பேற்க நேரும் என்பதால், அன்பளிப்பு தொடர்பான விதிகளைப் பல நிறுவனங்கள் இறுக்கிவிட்டன. ஒப்பந்தக்காரர் ஒருவர் வழங்கும் ரொக்கப் பரிசை அரசுத் துறைப் பொறியியலாளர் மேடையில் வாங்க நேர்வது அவருக்கே சங்கடம்.

3. விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பரிந்துரைக்கு எட்டு வாரம், சரிபார்ப்புக்கும் நடுவர் ஆய்வுக்கும் ஆறு வாரம், கட்டுரைகளைச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பப் பத்து வாரம் என்பது நிதானமான கணக்கு. கட்டுரை வேலையும் நடுவர் வேலையும் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கலாம். பரிந்துரையும் கட்டுரை அழைப்பும் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. முதலில் பரிந்துரைக்கு அழைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்துக் கட்டுரைக்கு அழையுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டு வேண்டுகோள் இருந்தால் எளிதானதைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். அல்லது இரண்டையுமே தள்ளிப்போடுவார்கள். இந்த வரிசைக்கு இன்னொரு பெரிய பயனும் உண்டு. அதைப் பதினொன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி ஆகியவற்றையொட்டிய வாரங்களில் இறுதி நாளை வைக்காதீர்கள். எழுதுபவர் தமிழராக இருந்தாலும், கையெழுத்திட வேண்டிய மேலாளர் விடுப்பில் இருப்பார். தொழிற்சாலைப் பொறியியலாளர்களுக்குக் காலாண்டின் கடைசி இரண்டு வாரங்களும் அப்படித்தான்.

இறுதி நாள் வேலைநாளாக இருக்கட்டும், நேரத்தையும் குறிப்பிடுங்கள். படிவங்களில் பெரும்பகுதி கடைசி இரண்டு நாளில்தான் வரும். அப்போது தொலைபேசியை எடுக்க ஆள் இருக்க வேண்டும்.

4. பரிந்துரைப் படிவத்தை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள்

புதியவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இது. கல்விச் சான்றிதழ், பணி வரலாறு, நிழற்படம், நான்கு பக்க விளக்கம், இரண்டு பரிந்துரைக் கடிதம் அனைத்தையும் முதல் நாளே கேட்கும் படிவத்தைத் திறந்து பார்ப்பவர் அங்கேயே மூடிவிடுகிறார்.

முதற்கட்டத்தில் நான்கு விவரங்கள் போதும்: பரிந்துரைப்பவர் யார், பரிந்துரைக்கப்படுபவர் யார், இருவருக்கும் என்ன தொடர்பு, அவர் செய்த பணி என்ன என்பதைச் சொல்லும் ஒரு பத்தி. கைப்பேசியில் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இதைப் பெற்ற பின்னர் தகுதியை மட்டும் பார்த்து, தகுதியுள்ளோருக்கு இரண்டாம் கட்டப் படிவத்தை அனுப்புங்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டவர் அதை நடுவழியில் கைவிட விரும்ப மாட்டார். அதனால் நீண்ட படிவத்தையும் பெரும்பாலும் நிரப்பிவிடுவார்.

இரண்டாம் கட்டத்தில் கேள்விகளின் சொல்லமைப்புதான் தரத்தைத் தீர்மானிக்கிறது. "சாதனைகளை விவரிக்கவும்" என்று கேட்டால் பதவிகளின் பட்டியல் வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்:

தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் என்ன?
அதில் இவர் தாமாக எடுத்த முடிவு எது? வேறு வழிகள் இருந்தும் இதை ஏன் தேர்ந்தார்?
அதனால் செலவு, நேரம், பாதுகாப்பு, தரம் ஆகியவற்றில் எது, எவ்வளவு மாறியது?
இதை உறுதிப்படுத்தக்கூடிய, உங்களைத் தவிர்த்த ஒருவர் யார்?

இரண்டாவது கேள்வியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பெரிய திட்டங்களில் பணியாற்றியவர்களைப் பற்றி எழுதும்போது திட்டத்தின் புகழ் ஆளின் பணியை மறைத்துவிடும். 24 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்கு இரண்டாம் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதில் பணியாற்றினார் என்பது ஒரு தகவல், பரிந்துரை ஆகாது. கடலடி மண்ணில் எந்தச் சோதனை முடிவை வைத்து எந்த வடிவமைப்பை மாற்றச் சொன்னார் என்று எழுதினால்தான் நடுவர் மதிப்பிட முடியும்.

பாலமும் கட்டடமும் கண்ணுக்குத் தெரிகின்றன. மின்னணுச் சில்லுகள் உருவாகும் வேஃபர் என்னும் மெல்லிய தகட்டைச் சோதிக்கும் இயந்திரத்தில் நேரத்தைக் குறைத்தவரின் வேலை அவருடைய தொழிற்சாலைக்கு வெளியே எவருக்கும் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்ய மூன்றாம் கேள்வி உதவும். தொழிற்சாலைகள் உண்மையான எண்களைத் தர மறுக்கும் என்பதால், விழுக்காட்டு அளவிலான மாற்றத்தை ஏற்றுக்கொள்வதாகப் படிவத்திலேயே எழுதிவையுங்கள்.

படிவத்தைத் தமிழில் மட்டும் வைக்க வேண்டாம். தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கப் பதிப்பு இருக்கட்டும். முதற்பகுதியில் சொன்ன அந்த மேலதிகாரிகளை அது நேராக எட்டும். அவர்கள் எழுதித் தரும் பரிந்துரைகளில் புகழ்ச்சி குறைவு, விவரம் அதிகம்.

5. கட்டுரையாளருக்கான குறிப்பை எழுதுங்கள்

"உங்கள் துறை சார்ந்த கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன" என்னும் வரியை நம்பி இதழ் நடத்த முடியாது. பொறியியலாளர் எல்லை தெளிவாக வரையறுக்கப்பட்ட வேலைக்குப் பழகியவர். எழுத்து வேலையையும் அப்படியே கொடுங்கள். ஒரே பக்கத்தில் அடங்கும் குறிப்பில், வாசகர் யார், எந்த வகைக் கட்டுரை வேண்டும், எத்தனை சொல், படங்கள் எப்படி இருக்க வேண்டும், எப்போது தர வேண்டும், ஆசிரியர் குழு எவ்வளவு திருத்தும் என்பவை இருக்கட்டும்.

கட்டுரை வகைகளை மூன்றுக்கு மேல் விரிக்காதீர்கள். ஒரு சிக்கலும் அதன் தீர்வும், ஒரு தொழில்நுட்பத்தின் விளக்கம், மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டல் என்பவை பெரும்பாலான இதழ்களுக்குப் போதும். 1,200 முதல் 1,500 சொல் என்று அளவு சொல்லுங்கள். முழுக் கட்டுரையைக் கேட்பதற்கு முன் நூற்றைம்பது சொல்லில் ஒரு சுருக்கம் கேளுங்கள். பொருந்தாததை அப்போதே மென்மையாகத் திருப்பிவிடலாம். முழுதாக எழுதி வாங்கியபின் மறுத்தால், அவர் உங்கள் இதழுக்கு மீண்டும் எழுத மாட்டார்.

தலைப்பைச் சொல்லும்போது குறிப்பாகச் சொல்லுங்கள். "சுரங்கப் பொறியியல்" என்று கேட்பதைவிட, கிள்ளான் பள்ளத்தாக்கு எம்ஆர்டி ரயில் தடத்துக்காகக் கோலாலம்பூரின் குகைச் சுண்ணாம்புப் பாறையைத் துளைக்க, துளைப்புக் குழம்பின் அடர்த்தியை மாற்றியமைக்கும் துளைப்பு இயந்திரம் ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள். இரண்டாம் பாலத்தில் நிலநடுக்க அதிர்வைத் தணிக்க இயற்கை ரப்பர் தாங்கிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் படிக்கும் இதழுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தோன்றவில்லை; ஆனால் தாங்கி வடிவமைப்பு அறிந்த ஒருவரிடம் அதைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும்.

அடுத்தது மொழிச் சிக்கல். இதைத் தனியே கவனிக்க வேண்டும். நம் பொறியியலாளர்களில் கணிசமானோர் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியிலும், பின்னர் மலாயிலும், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் படித்தவர்கள். மேடையில் நன்றாகத் தமிழ் பேசுபவர்கூட, தம் தொழிலைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதியிருக்க மாட்டார். அவர் கட்டுரை தர மறுப்பதற்கு நேரமின்மையைக் காரணம் காட்டுவார்; எழுத்துப்பிழையைப் பற்றிய கூச்சமே உண்மையான காரணமாக இருப்பதுண்டு. ஆகவே மூன்று வழிகளைத் திறந்துவையுங்கள்: தமிழில் எழுதித் தரலாம், ஆங்கிலத்திலோ மலாயிலோ தந்தால் ஆசிரியர் குழு தமிழாக்கும், அல்லது அரைமணி நேரம் பேசினால் பதிவு செய்து ஆசிரியர் குழுவே எழுதும். மூன்றிலும் இறுதி வடிவத்தை அவரே படித்துக் கையொப்பமிட வேண்டும். மூன்றாம் வழியில் கிடைத்த கட்டுரைகளே வாசிக்க இனிமையாக இருந்தன. பேசும்போது மனிதர்கள் காரணங்களை விட்டுவிடுவதில்லை.

கலைச்சொல்லில் பிடிவாதம் வேண்டாம். கான்கிரீட், டிரான்சிஸ்டர், வால்வு என்று மக்கள் சொல்வதை அப்படியே எழுதலாம். நல்ல தமிழ்ச்சொல் வழக்கில் இருந்தால் அதைப் பயன்படுத்தி, முதல் முறை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். இதழ் முழுவதும் ஒரே சொல் வர வேண்டும் என்பதற்காக ஆசிரியர் குழு ஒரு சொற்பட்டியல் வைத்திருப்பது அவசியம்.

எழுத்துரு குறித்தும் சொல்லிவிடுங்கள். முரசு அஞ்சல், செல்லினம் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களில் யூனிகோடு முறையில் தட்டச்சு செய்து அனுப்பக் கேளுங்கள்; பழைய எழுத்துருக்களில் வரும் கோப்பை மாற்றும்போது ஒற்றெழுத்துகளும் எண்களும் சிதைவதுண்டு, அட்டவணையில் அது ஆபத்து. வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி உள்ள மூலப் படத்தை மின்னஞ்சலில் பெறுங்கள்.

6. அனுமதிக்கான தாள்களை முன்னரே தயார் செய்யுங்கள்

கட்டுரை அச்சுக்குப் போகும் வாரத்தில் நிறுவனம் தடுத்துவிட்டது என்னும் செய்தி வராத இதழ் இல்லை. இதைத் தவிர்க்க, நூற்றைம்பது சொல் சுருக்கம் ஏற்கப்பட்ட அன்றே அனுமதிக் கடிதத்தின் மாதிரியை எழுத்தாளரிடம் கொடுங்கள். முழுக் கட்டுரை எழுதும் உழைப்புக்கு முன்னரே அவர் மேலாளரிடம் சுருக்கத்தைக் காட்டிக் கையொப்பம் பெறட்டும்.

1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, பணியின் பகுதியாக ஊழியர் உருவாக்கிய ஆக்கத்தின் உரிமை முதலாளியைச் சேர்கிறது. அலுவலக வரைபடத்தையும் அறிக்கைப் பக்கத்தையும் எழுத்தாளர் தம்முடையதாக நினைத்து அனுப்புவார். அவை அவருடையவை அல்ல. படங்களைப் புதிதாக வரைந்து வெளியிடுவது பாதுகாப்பானது. உரிமையை மாற்றித் தருவதாயின் அது எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. சங்கத்துக்கு முழு உரிமை தேவையில்லை. ஒருமுறை வெளியிடும் உரிமையும் மின்பதிப்புக்கான உரிமையும் போதும். அவற்றையும் எழுத்தில் பெறுங்கள்.

ஜேகேஆர் எனப்படும் பொதுப்பணித் துறை, நீர்ப்பாசன வடிகால் துறை முதலிய அரசுத் துறைகளில் இருப்பவர்களுக்கு 1993ஆம் ஆண்டு பொதுச்சேவை அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகளும், 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டமும் உள்ளன. துறைத் தலைவரின் அனுமதி வருவதற்குக் காலம் பிடிக்கும். அவர்களை மற்றவர்களுக்கு முன்னதாக அணுகுங்கள்.

மலேசியப் பொறியியலாளர் கழகத்தின் ஜுருத்தெரா இதழிலோ வேறு இதழிலோ முன்பு வெளிவந்த கட்டுரையைத் தமிழில் தர முன்வருவார்கள். நல்லதுதான், முதலில் வெளியிட்டவரின் இசைவைக் கேட்டுவிடுங்கள்.

தனிநபர் விவரங்களுக்கு 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அது வணிகப் பரிவர்த்தனை சார்ந்தது, நாம் சங்கம் என்று சிலர் வாதிடுவார்கள். விளம்பரமும் விருந்து நுழைவுச்சீட்டும் விற்கும் நிகழ்ச்சிக்கு அந்த வாதத்தை நம்பியிருக்க வேண்டாம். எந்த விவரத்தை எதற்காகப் பெறுகிறோம், யாரிடம் காட்டுவோம், எப்போது அழிப்போம் என்பதைப் படிவத்தின் தலைப்பகுதியில் எழுதுங்கள். அச்சட்டம் இவ்வறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தரச் சொல்கிறது; தமிழ்ப் பதிப்பு அவற்றோடு சேர்ந்து வர வேண்டும். அடையாள அட்டை எண்ணை முதற்கட்டத்தில் கேட்கவே கூடாது. பிறரால் பரிந்துரைக்கப்பட்டவரின் சம்மதத்தை இரண்டாம் கட்டத்துக்கு முன் பெறுங்கள்.

7. பெயர்ப் பட்டியலைக் கையால் தொகுத்திடுங்கள்

உறுப்பினர் அனைவருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புவது எளிது, பலன் மிகக் குறைவு. அறுபது பேரைத் தேர்ந்து, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரில் அவரிடம் கேட்கப்போவது பரிந்துரையா கட்டுரையா, எந்தத் தலைப்பு, அவரை அறிந்த நம் ஆள் யார் என்று எழுதிவையுங்கள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால், அறிமுகம் செய்யக்கூடிய ஒருவரைத் தேடிய பின்னரே எழுதுங்கள்.

பட்டியல் ஒரே பக்கம் சாயாமல் பாருங்கள். கட்டுமானம், மின்னணு, மின்விநியோகம், நீர்வளம், பல்கலைக்கழகம் என்று பிரித்து எண்ணினால் எது காலியாக இருக்கிறது என்பது தெரியும். பினாங்கில் நிபோங் திபாலில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தை மறந்துவிடுகிறார்கள். தீவுக்கு வெளியே இருப்பதுதான் காரணமென நினைக்கிறேன்.

அடைமொழிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொழில்முறைப் பொறியியலாளர் பதிவை வாரியத்தின் பொதுப் பதிவேட்டில் தேடலாம். "ஐஆர்" வேறு, தொழில்நுட்பவியலாளருக்கான "டிஎஸ்" வேறு. டத்தோவை விட்டுவிட்டால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். பரீட்சையும் நேர்காணலும் கடந்து பெற்ற "ஐஆர்" விடுபடுவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

8. இப்போது கடிதம் எழுதுங்கள்

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சங்கத்தின் வரலாறும் தலைவரின் வாழ்த்தும் அதில் வேண்டாம். முதல் மூன்று வரிக்குள், எதைக் கேட்கிறோம், ஏன் அவரைக் கேட்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும் என்பவை வந்துவிட வேண்டும். ஒரு மாதிரி:

"மதிப்பிற்குரிய ஐஆர் ______ அவர்களுக்கு, வணக்கம். எங்கள் சங்கத்தின் இளம் பொறியியலாளர் விருதுக்கு உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறோம். நீர்வளத் துறையில் இளையோர் பலருக்கு நீங்கள் மேற்பார்வையாளராக இருந்திருப்பதால் உங்களை நேராக அணுகுகிறோம். முதற்கட்டப் படிவத்தை நிரப்பப் பத்து நிமிடம் போதும். சான்றுகள் எதுவும் இப்போது தேவையில்லை. இறுதி நாள் ______, மாலை மணி 5.00. தகுதி விதிகளும் நடுவர் பெயர்களும் இணைக்கப்பட்டுள்ளன. ஐயம் இருப்பின் ______ என்னும் எண்ணில் என்னை அழைக்கலாம்."

கட்டுரைக்கான கடிதமும் இதே அமைப்புதான். இரண்டாம் வரியில் தலைப்பு குறிப்பாக வர வேண்டும். நூற்றைம்பது சொல் சுருக்கத்தை மட்டும் முதலில் கேட்கிறோம் என்பதும், பேசியும் தரலாம் என்பதும் அடுத்து வர வேண்டும். தொழில்முறைப் பொறியியலாளர்கள் ஆண்டுதோறும் தொடர் தொழில்முறை வளர்ச்சிக்கான மணிநேரத்தைச் சேர்க்க வேண்டியிருப்பதால், தங்கள் கட்டுரை அதில் சேருமா என்று கேட்பார்கள். நடப்பு வழிகாட்டி விதியைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். கவர்ச்சிக்காகக் கடிதத்தில் வாக்குறுதி தராதீர்கள்.

நெருங்கியவரை வாட்ஸ்அப்பில் "அண்ணே" என்று விளிக்கலாம். கடிதத்தில் மட்டும் முறையான விளிப்பு இருக்கட்டும். அது அவருடைய மனிதவளப் பிரிவுக்கும் மேலாளருக்கும் அனுப்பப்படக்கூடும்.

9. பின்தொடருங்கள்

பத்து நாளில் தொலைபேசியில் அழையுங்கள். "படித்தீர்களா?" என்பதைவிட, "யாராவது மனத்தில் வருகிறார்களா?" என்று கேளுங்கள், முதல் கேள்வி அவரைக் குற்றவாளியாக்குகிறது. பெயர் சொன்னால், அழைப்பிலேயே முதற்கட்டப் படிவத்தை நீங்கள் நிரப்பி உறுதிப்படுத்த அவருக்கு அனுப்பலாம். இரண்டாம் நினைவூட்டல் இறுதி நாளுக்கு ஒரு வாரம் முன்பு. அதற்குமேல் வேண்டாம்.

கட்டுரை தருவதாகச் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுபவர்கள் எப்போதும் உண்டு. அவர்களிடம் முழுக் கட்டுரையைக் கேட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை. மூன்று கேள்விகளை அனுப்பிக் குரல் பதிவில் பதில் கேளுங்கள்.

10. வந்தவற்றைப் பெற்றுச் சரிபாருங்கள்

ஒவ்வொரு பரிந்துரைக்கும் இரண்டு வேலைநாளுக்குள் எண்ணிட்டு ஒப்புகை அனுப்புங்கள். உறுதிப்படுத்துபவரைத் தொலைபேசியில் அழைத்து, படிவத்தின் இரண்டாம் கேள்விக்கான பதிலை மட்டும் கேட்டுப் பாருங்கள். பரிந்துரைப்பவர் எழுதியதும் இவர் சொல்வதும் ஒத்திருந்தால் போதும். தாமதமாக வந்ததை யாருக்காகவும் ஏற்காதீர்கள். அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளச் சம்மதம் கேளுங்கள். எவர் எவரைப் பரிந்துரைத்தார் என்பது நடுவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மூத்தவர் பெயரைப் பார்த்தவுடன் மதிப்பெண் ஏறும்.

11. பரிந்துரையிலிருந்து கட்டுரையை எடுங்கள்

பரிந்துரைக்கு முதலில் அழைக்கச் சொன்னதன் பயன் இங்கே கிடைக்கிறது. சிக்கல், முடிவு, காரணம், மாற்றம் ஆகிய நான்கையும் சொல்லி நிரப்பப்பட்ட படிவம் ஏறத்தாழ ஒரு கட்டுரையின் எலும்புக்கூடு. விருது ஒருவருக்குத்தான், நல்ல படிவங்கள் பல இருக்கும். தேர்வாகாதவருக்கு வருத்தக் கடிதம் மட்டும் அனுப்பாமல், அவருடைய பணியில் எந்தப் பகுதி வாசகர்களுக்குப் பயன்படும் என்று குறிப்பிட்டுக் கட்டுரை கேளுங்கள். முடிவு அறிவிக்கப்படும் வரை இதைச் செய்யக் கூடாது. முன்னரே கேட்டால், கட்டுரை தந்தால் விருது கிடைக்கும் என்னும் எண்ணம் பரவிவிடும். இந்தக் கட்டுரைகள் நடப்பு இதழுக்கு எட்டாமல் போகலாம். அடுத்த இதழுக்கு அவையே முதல் கையிருப்பு. படிவத்தில் உள்ள வாக்கியங்களை அவருடைய சம்மதமின்றி இதழுக்கு எடுத்தாளக் கூடாது. அவை விருதுக்காகத் தரப்பட்டவை.

12. பெயர்களைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்புங்கள்

செப்பனிட்ட கட்டுரையை அச்சுப் பக்க வடிவிலேயே எழுத்தாளருக்கு அனுப்பி, ஐந்து நாளுக்குள் திருத்தம் கேளுங்கள். எண்களையும் அலகுகளையும் வட்டமிட்டு அனுப்பினால் அவர் அங்கேதான் முதலில் பார்ப்பார்.

விருதுச் சான்றிதழுக்கு, அடையாள அட்டையில் உள்ளபடியான முழுப்பெயர், மேடையில் வாசிக்க வேண்டிய பெயர், தமிழில் எழுத வேண்டிய முறை ஆகிய மூன்றையும் விருது பெறுபவரிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். அடையாள அட்டையில், இன்னாரின் மகன் என்பதற்கு "ஏ/எல்", மகள் என்பதற்கு "ஏ/பி" என்று தந்தை பெயர் வரும். சிலர் அதைச் சான்றிதழில் விரும்புவதில்லை, சிலருக்கு அலுவலகக் கோப்புக்காக அது கட்டாயம் வேண்டும். ரோமன் எழுத்தைப் பார்த்து நீங்களே தமிழாக்கினால் லகர, ளகர, ழகரங்களில் ஒன்று நிச்சயம் பிழையாகிவிடும். இதழின் படிகளைத் தேசிய நூலகத்துக்கு அளிப்பது 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி பதிப்பாளரின் கடமை. அச்சகத்திலிருந்து கட்டு வந்திறங்கிய உடனேயே அந்தப் படிகளைத் தனியே எடுத்துவைத்து அனுப்பிவிடுங்கள், விழாவுக்குப் பின் அலுவலகத்தில் மிச்சம் இருக்காது.